முதலாளி மாறினால் நாதமும் மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய பியானோ வாங்குவது பற்றி எழுதியபோது, "எந்த வருடம் செய்தது என்று பாருங்கள், அந்த வருடம் கம்பெனி யார் கையில் இருந்தது என்றும் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் வணிக நிர்வாகம் படித்தவன் இல்லை, பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவன். அதனால் நிர்வாகத்தையும் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துத்தான் எடைபோடுவேன், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1960களின் கடைசியில் செய்த ஸ்டெய்ன்வே கிராண்ட் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. கூட வந்து பார்த்தவர், "இது சிபிஎஸ் காலத்து டெஃப்லான் பியானோ, தொலைக்காட்சிக்காரர்கள் கையில் சிக்கிக் கெட்டது, தொடாதீர்கள்" என்கிறார். உண்மையா? (ஒரு பியானோ ஆசிரியை)

பதில்: அவர் இரண்டு கதைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். இந்த முடிச்சை அவர் மட்டும் போடவில்லை, என் தொழிலில் இருப்பவர்களிலேயே பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். வருடங்களை மட்டும் வரிசையாக வையுங்கள். நியூயார்க் ஸ்டெய்ன்வே ஆலை டெஃப்லானைக் கொண்டுவந்தது 1962இல். சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஸ்டெய்ன்வேயை வாங்கியது 1972இல். நடுவில் பத்து வருடம் இருக்கிறது, அந்தப் பத்து வருடமும் தலைவராக இருந்தவர் ஹென்றி இசட். ஸ்டெய்ன்வே, கம்பெனியை 1853இல் தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. வெளியாள் யாரும் வந்து கெடுக்கவில்லை.

சரி, டெஃப்லான் அங்கே எதற்கு வந்தது? விரல் வைக்கும் கட்டையை அழுத்தியதும் சுத்தியலைத் தூக்கிக் கம்பியில் அடிக்கிற அந்த நெம்புகோல் கூட்டத்தை ஆக்‌ஷன் என்போம். அதில் ஒவ்வொரு மூட்டிலும் ஊசி மாதிரி ஒரு சிறு அச்சு, அந்த அச்சைச் சுற்றி கம்பளித் துணியால் ஒரு புஷிங். ஒரு பியானோவில் இப்படி நூற்றுக்கணக்கான மூட்டுகள் உண்டு. துணி ஈரத்தில் ஊதும், கட்டை மந்தமாகும்; நாள்பட்டால் தேயும், ஆடும்; அந்துப்பூச்சியும் தின்னும். இந்தத் தொல்லை எதுவும் இல்லாத, எண்ணெயே தேவைப்படாத வழுக்கலான ஒரு பொருள் கிடைத்தால் எந்தப் பொறியாளருக்குத்தான் ஆசை வராது? காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் டெஃப்லான் உட்கார்ந்திருந்தது மரத்தில். பருவம் மாறினால் மரம் விரியும், சுருங்கும். டெஃப்லான் அதோடு சேர்ந்து நகராது. துணி அந்த வித்தியாசத்தைத் தன் மெத்தென்ற உடம்பில் வாங்கிக்கொண்டது, டெஃப்லானால் முடியவில்லை. ஒரு பருவத்தில் 'டிக் டிக்' என்று சத்தம், இன்னொரு பருவத்தில் இறுக்கம். புகார்கள் குவிந்தன, டெக்னீஷியன்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனாலும் ஏறக்குறைய இருபது வருடம் அது ஓடியது. 1980களின் தொடக்கத்தில்தான் துணிக்குத் திரும்பினார்கள். அப்போது கம்பெனி யார் கையில்? சிபிஎஸ் கையில்! வைத்தது குடும்பம், எடுத்தது தொலைக்காட்சிக்காரர்கள்.

இதனால் சிபிஎஸ் நல்ல முதலாளி என்று சொல்ல வரவில்லை. பதிமூன்று வருடத்தில் மேலே தலைமை மாறிக்கொண்டே இருந்தது, எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நெருக்கினார்கள் என்ற பேச்சு அன்றும் இருந்தது இன்றும் இருக்கிறது, அந்தக் காலத்துப் பியானோக்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம் என்பது நான் கைப்படப் பார்த்தது. சிபிஎஸ் 1985இல் கம்பெனியை விற்றது. ஆனால் அதே சிபிஎஸ்ஸிடம் ஸ்டெய்ன்வேயின் ஹாம்பர்க் ஆலையும் இருந்ததே, 1880இலிருந்து நடக்கிற ஆலை. அங்கே டெஃப்லான் பக்கமே போகவில்லை, அந்தப் பியானோக்களின் பெயரும் கெடவில்லை. முதலாளி ஒருவர், ஆலை இரண்டு, விளைவு இரண்டு விதம். அதனால் "யார் கையில் இருந்தது" என்பதோடு "எந்த ஆலையில், எந்த ஃபோர்மேன் இருந்தார்" என்பதையும் கேட்டிருக்க வேண்டும். போன இதழில் அதை எழுதாமல் விட்டது என் தப்புதான்.

கேள்வி: எம்பிஏ படிக்கிறேன். நிர்வாகம் தரத்தைக் கெடுக்கும் என்று எல்லாக் கலைஞர்களும் சொல்கிறார்கள். பியானோவுக்குள் எந்த இடத்தில் கெடுக்கும் என்று திட்டவட்டமாகக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். விரலை வைத்தே காட்டலாம்.

முதலில் மரக் கிடங்கு. கம்பியின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம், ரிம் எனப்படும் வெளிச்சட்டத்துக்கு மேப்பிள் மரம், கம்பிகளை இறுக்கும் முளைகள் பதிந்திருக்கும் 'பின் பிளாக்' கட்டைக்கு இன்னொரு கடின மரம். இதெல்லாம் வாங்கியவுடனே அறுத்து ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை. காற்றில் காய வேண்டும், அப்புறம் சூளையில் காய வேண்டும், அப்புறமும் ஆலைக்குள்ளேயே கொஞ்ச காலம் சும்மா கிடந்து ஆசுவாசப்பட வேண்டும். கிராண்டின் ரிம் பல அடுக்குகளை ஒட்டி வளைத்துச் செய்வது, வளைத்த பிறகு அதுவும் மாதக்கணக்கில் ஓய்வில் இருக்கும். ஒரு கிராண்ட் செய்ய ஏறக்குறைய ஒரு வருடம் என்று ஸ்டெய்ன்வே சொல்லிக்கொள்கிறதே, அதில் பெரும் பங்கு யாரும் எதையும் செய்யாமல் மரம் தன் வேலையைப் பார்க்கும் நேரம். உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயர்? முடங்கிய மூலதனம். சரக்கிருப்பைக் குறை என்று ஒருவர் உத்தரவு போட்டால், கார் தொழிற்சாலையில் அது கெட்டிக்காரத்தனம். இங்கே அது ஐந்து வருடம் கழித்து ஒலிப்பலகையில் விரிசலாக வெளியே வரும். அந்த உத்தரவைப் போட்டவர் அதற்குள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அடுத்தது கடைசிக் கட்டம். ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். புதுக் கம்பி நீளும், சட்டமும் பலகையும் அந்தப் பாரத்துக்குப் பழக வேண்டும், அதனால் ஆலையை விட்டுப் போகும் முன் திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும், நடுவில் நாள் கணக்கில் இடைவெளி விட்டு. ஆக்‌ஷனை அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று நேர்ப்படுத்த வேண்டும். கடைசியாக வாய்சிங், அதாவது சுத்தியலின் தலையில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டை ஊசியால் குத்தி நாதத்தை இளக்குவது. இந்த மூன்றும் சேர்ந்து தின்கிற மணிநேரம் அநியாயத்துக்கு அதிகம். இதில் பாதியை வெட்டினாலும் பியானோ பார்க்க அப்படியே இருக்கும், ஃபோட்டோவில் எந்த வித்தியாசமும் தெரியாது. செலவைக் குறைக்கிறவர் கண் முதலில் போவது இங்கேதான், ஏனென்றால் வெட்டினது தெரியாத இடம் இதுதான்.

என் சொந்தக் கதை ஒன்று. இளவயதில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். அனுப்பும் முன் நான்கு தடவை சுருதி சேர்ப்பது அங்கே வழக்கம். புதிதாக வந்த மேலாளர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் எங்கள் பின்னால் நின்றார், மூன்றாம் நாள் "இரண்டு போதும், கடைக்காரர் எப்படியும் ஒரு தடவை சேர்ப்பார்" என்றார். கடைக்காரர் சேர்த்தார்தான். ஒரு மாதத்தில் அது இறங்கியது, வாங்கியவர் சத்தம் போட்டார், எங்களில் ஒருவர் வண்டி பிடித்துப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார், அது மறுபடி இறங்கியது. வண்டிச் செலவு போக்குவரத்துக் கணக்கில் எழுதப்பட்டதால் உற்பத்திக் கணக்கு மட்டும் கடைசிவரை ரொம்ப அழகாக இருந்தது.

இன்னொரு இடமும் உண்டு, அது யாருக்கும் சட்டென்று தோன்றாது: ஷோரூம். நூறு பியானோ அடுக்கி வைத்த கூடத்தில், பத்து நிமிடம் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் காதுக்கு, பளிச்சென்று கத்துகிற பியானோதான் நல்ல பியானோ. விற்பனைப் பிரிவுக்கு இது தெரியும். அதனால் சுத்தியல் ஃபெல்ட்டைக் கடினமாக்கச் சொல்வார்கள், கூடவே வெளியே கண்ணாடி மாதிரி பாலியெஸ்டர் பூச்சு. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் காது குடையும். வாரன்டிப் பிரிவும் வடிவமைப்பில் கை வைக்கும், ஆனால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அடுக்குப் பலகையால் செய்த ஒலிப்பலகை எளிதில் வெடிக்காது, திரும்பி வராது, அதனால் மலிவான பியானோக்களில் அது வந்துவிட்டது. திடமான ஸ்ப்ரூஸ் தரும் ஆழம் அதில் கிடைக்காது, ஆனால் ஏசியும் ஈரமும் மாறி மாறி அடிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: பாட்டியிடமிருந்து வந்த குட்டையான அமெரிக்க பியானோ இருக்கிறது. கூப்பிட்ட டெக்னீஷியன் இரண்டு பேரும் திறந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். அப்படி என்ன பாவம் செய்தது?

பதில்: உங்களிடம் இருப்பது ஸ்பினெட். அது பாவம் ஒன்றும் செய்யவில்லை, அதைச் செய்யச் சொன்னது கணக்குப் புத்தகம்.

1909இல் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் சுமார் 3,64,000 பியானோக்கள் செய்தார்கள். அதுதான் உச்சம். அப்புறம் கிராமஃபோன், ரேடியோ, கார் எல்லாம் வீட்டு பட்ஜெட்டில் பங்கு கேட்டன, 1929க்குப் பிறகு பொருளாதாரச் சரிவு வேறு. ஆலைகள் வரிசையாக மூடின. மிஞ்சியவர்கள் 1930களில் கண்டுபிடித்த வழி, பியானோவை ஒரு அழகான மேஜை உயரத்துக்கு இறக்குவது. சின்ன வீட்டில் ஜன்னலை மறைக்காது, மேலே பூ ஜாடி வைக்கலாம். விற்பனை என்று பார்த்தால் அற்புதமான யோசனை, பல கம்பெனிகளுக்கு உயிர் கொடுத்ததே இதுதான்.

ஆனால் உயரம் குறைந்தால் ஆக்‌ஷனுக்கு இடம் எங்கே? கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் சாதாரண அப்ரைட் பியானோவில் ஆக்‌ஷன் கட்டைகளுக்கு மேலே நிற்கும். ஸ்பினெட்டில் அதைக் கட்டைகளுக்குக் கீழே இறக்கி, இடையில் கம்பியும் முழங்கை போன்ற ஒரு மூட்டும் வைத்து இழுக்கச் செய்தார்கள். 1940களிலும் 50களிலும் அந்த முழங்கைகளை அன்றைய பிளாஸ்டிக்கில் செய்தார்கள், அது நாள்பட்டால் பிஸ்கட் மாதிரி பொடிந்துவிடும். ஒன்று உடைந்தால் மற்ற எண்பத்தேழும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். ஆக்‌ஷனை வெளியே எடுக்க ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். உங்கள் டெக்னீஷியன்கள் ஓடியதில் நியாயம் இருக்கிறது. அடிநாதக் கம்பிகளும் ரொம்பக் குட்டை, குட்டைக் கம்பியில் துணைச் சுரங்கள் சுத்தமாக அமையாது, எவ்வளவு சேர்த்தாலும் தகர டப்பா சாயல் அடிக்கும். பாட்டியின் நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் பாடம் தொடங்க இது வேண்டாம்.

கேள்வி: பெரிய எண்ணிக்கையில் செய்தால் தரம் போய்விடும் என்றால் யமஹா எப்படி?

பதில்: யமஹாதான் இந்த வாதத்தில் எல்லார் வாயையும் அடைக்கிற உதாரணம்.

தொராகுஸு யமஹா 1887இல் ஒரு ரீட் ஆர்கனைப் பழுதுபார்க்கப் போய்த் தானே ஒன்று செய்யத் தொடங்கினார், 1897இல் நிப்பான் காக்கி என்ற நிறுவனம், 1900இல் முதல் அப்ரைட். போருக்குப் பிறகு கெனிச்சி கவாகாமி 1950இல் தலைவரானார். அவருடைய நிர்வாகப் புத்தி எங்கே தெரிகிறது என்றால், பியானோவை விற்பதற்கு முன்னால் பியானோ வாசிப்பவர்களை உருவாக்கினார். 1954இல் தொடங்கிய இசைப் பள்ளிகள் அதற்குத்தான். வாங்க ஆள் நிச்சயம் என்றானதும் சூளைகளிலும் இயந்திரங்களிலும் துணிந்து பணம் போட முடிந்தது. வார்ப்பிரும்புச் சட்டத்தை ஈரமணலில் வார்ப்பதற்குப் பதிலாக வெற்றிட முறையில் வார்த்தார்கள், அளவு துல்லியமாக வரும், தேய்த்துச் சரிசெய்யும் வேலை மிச்சம். மணலில் வார்த்த சட்டத்தின் நாதமே தனி என்று சொல்கிறவர்கள் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். மாறாத விஷயம், ஒரே மாடலில் பத்து யமஹா வாங்கினால் பத்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கைவேலை ஆலையில் பத்து வாங்கினால் இரண்டு தெய்வீகமாக இருக்கும், இரண்டு என்னடா இது என்று இருக்கும். இசைக் கல்லூரி நடத்துகிறவர் யாரை நம்புவார்?

கவாய் கதை இன்னும் சுவாரசியம். கோய்ச்சி கவாய் யமஹாவில் வளர்ந்தவர், 1927இல் தனியாகத் தொடங்கினார், அதே ஹமமாட்சு ஊரில். 1970களில் இவர்களும் ஆக்‌ஷனில் செயற்கைப் பொருளைக் கொண்டுவந்தார்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஸ்பினெட் முழங்கையும் டெஃப்லானும் கொடுத்த கெட்ட பெயரில் உலகமே சிரித்தது. ஆனால் இவர்கள் அச்சில் துணி புஷிங்கை அப்படியே விட்டுவிட்டு, ஊதிச் சுருங்கும் மரப் பாகத்தைத்தான் மாற்றினார்கள். மாற்றத் தெரிந்த இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். பிறகு அதில் கார்பன் இழையும் சேர்த்தார்கள். இன்றுவரை அந்த ஆக்‌ஷன் என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. ஒரு புதுமை வெற்றியா தோல்வியா என்று தெரிய இருபது வருடம் ஆகிற தொழில் இது, அதுவரை விமர்சனத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிற நிர்வாகம் வேண்டும். அதே பிடிவாதம்தான் டெஃப்லானையும் இருபது வருடம் ஓட்டியது என்று நீங்கள் கேட்கலாம், கேட்டால் என்னால் மறுக்க முடியாது.

கேள்வி: போசென்டார்ஃபரை யமஹா வாங்கிவிட்டதே, வியன்னா நாதம் போச்சா?

பதில்: 1828இல் வியன்னாவில் தொடங்கிய கம்பெனி அது, அவர்களுடைய இம்பீரியல் மாடலில் 88க்குப் பதில் 97 கட்டைகள். 1966இல் அதை வாங்கியது கிம்பல் என்ற அமெரிக்க நிறுவனம், மலிவான பியானோக்களும் மரச்சாமான்களும் செய்தவர்கள். அப்போதே எல்லாரும் ஒப்பாரி வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு ஆஸ்திரிய வங்கி, 2008இல் யமஹா. யமஹா ஆலையை ஜப்பானுக்குத் தூக்கிப் போகவில்லை, ஆஸ்திரியாவின் வீனர் நோய்ஸ்டாட் ஊரிலேயே விட்டது. 2015இல் 280விசி என்ற புது கான்சர்ட் கிராண்ட் வந்தது, பழைய வண்ணமும் இருக்கிறது, பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை போகிற வீச்சும் இருக்கிறது. பழைய போசென்டார்ஃபரின் அந்த அடங்கின நாதத்தை விரும்புகிறவர்களுக்கு இதில் குறை தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பியானோ நன்றாக விற்றும் பால்ட்வின் திவாலானதாகப் படித்தேன். எப்படி?

பதில்: பியானோவால் திவாலாகவில்லை, பியானோவை மறந்ததால். சின்சினாட்டி நகரத்துப் பால்ட்வின் தவணை முறையில் பியானோ விற்றுப் பழகிய கம்பெனி, அதனால் கடன் கொடுக்கல் வாங்கல் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மார்லி தாம்சன் என்பவர் தலைமையில் வங்கி, காப்பீடு, ஆண்டுத்தொகைத் திட்டங்கள் என்று வாங்கிக்கொண்டே போனார்கள், பெயர் பால்ட்வின்-யுனைடெட் ஆனது. 1982இல் ஒரு அடமானக் காப்பீட்டு நிறுவனத்தைச் சுமார் 120 கோடி டாலருக்குக் கடன் வாங்கி வாங்கினார்கள். அடுத்த வருடமே திவால், அன்றைய தேதிக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய திவால்களில் ஒன்று. அந்தப் பிரம்மாண்டத்தில் பியானோ ஒரு மூலையில் கிடந்தது. 1984இல் பியானோப் பிரிவு அதிகாரிகளே அதை வாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை, 2001இல் மறுபடி திவால், கிப்ஸன் கிட்டார் நிறுவனம் வாங்கியது.

கேள்வி: பழைய பெரிய பெயர்கள் எல்லாம் இன்னும் கடையில் இருக்கின்றன. அதே பியானோதானா?

பதில்: பெயர் வேறு, பியானோ வேறு. இது புது வியாதியும் இல்லை. நியூயார்க்கில் ஜோசஃப் ஹேல் என்பவர் 1860களிலேயே பாகங்களை அங்கங்கே வாங்கிச் சேர்த்து, வாங்குகிற கடைக்காரர் கேட்ட பெயரை மேலே எழுதிக்கொடுத்தார். ஸ்டென்சில் பியானோ என்ற பெயரே அப்படி வந்ததுதான். கைவினைஞர்கள் அவரைத் திட்டினார்கள், ஆனால் சாதாரணக் குடும்பத்துக்குப் பியானோ எட்டியதில் அவர் பங்கு பெரிது. 20ஆம் நூற்றாண்டில் அதுவே தலைகீழாக நடந்தது: ஏயோலியன் என்ற நிறுவனம் சிக்கரிங், கேனாபி, மேசன் அண்ட் ஹாம்லின் போன்ற பெரும் பெயர்களை ஒன்றாகக் கைக்குள் வைத்திருந்தது, ஒரு காலத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய பெயர்கள். 1985இல் அது மூடியதும் பெயர்கள் ஏலச்சரக்காகச் சிதறின. மேசன் அண்ட் ஹாம்லின் மட்டும் தப்பி, 1996இல் வாங்கிய சகோதரர்கள் கையில் மாசசூசெட்ஸிலேயே மறுபடி ஒழுங்காகச் செய்யப்படுகிறது.

இதில் நேர்மையான வகையும் உண்டு. பாஸ்டன் என்ற பெயரில் வருவது ஸ்டெய்ன்வே வடிவமைத்து கவாய் செய்வது, 1992இலிருந்து. மறைக்காமல் சொல்லியே விற்கிறார்கள். பெயருக்கு அடியில் எந்த ஆலை என்று கேளுங்கள், பதில் நேராக வந்தால் மேலே பேசலாம்.

கேள்வி: குடும்பம், பங்குச்சந்தை, அரசாங்கம், தனி ஆள். யார் கையில் இருந்தால் பியானோவுக்கு நல்லது?

பதில்: ஒரு வேடிக்கையான தற்செயலைச் சொல்கிறேன். 1853இல் மூன்று கம்பெனிகள் பிறந்தன: நியூயார்க்கில் ஸ்டெய்ன்வே, பெர்லினில் பெக்ஸ்டைன், லைப்ஸிக்கில் ப்ளூத்னர். 1972இல் ஸ்டெய்ன்வே ஒரு பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது, அதே 1972இல் கிழக்கு ஜெர்மனி அரசு ப்ளூத்னரை நாட்டுடைமை ஆக்கியது. ஒரு பக்கம் முதலாளித்துவம் விழுங்கியது, இன்னொரு பக்கம் சோஷலிசம். ப்ளூத்னரில் குடும்பத்தவரே நிர்வாகியாகத் தொடர்ந்தார், 1990இல் கம்பெனி குடும்பத்துக்கே திரும்பியது, இன்றும் அவர்கள்தான் செய்கிறார்கள். ஸ்டெய்ன்வே குடும்பத்துக்குத் திரும்பவே இல்லை, பங்குச்சந்தைக்குப் போய், 2013இல் ஜான் பால்சனின் முதலீட்டு நிறுவனத்திடம் 50 கோடி டாலருக்கு மேல் விலை போனது. ஹெட்ஜ் ஃபண்ட் என்றதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதன் கையில் இருக்கும்போதுதான் 2019இல் ஜெர்மனியின் ரென்னர் ஆக்‌ஷன் கம்பெனியை ஸ்டெய்ன்வே வாங்கியது, தனக்கு வேண்டிய பாகம் தன் கையைவிட்டுப் போகக் கூடாது என்று. அவசரப்படுகிறவன் செய்கிற வேலை இல்லை அது.

தனி ஆள் என்றால் பாவ்லோ ஃபட்ஸியோலி. பொறியியலும் பியானோவும் படித்தவர், குடும்பத்துக்கு மரச்சாமான் தொழில், 1981இல் இத்தாலியின் சச்சீலேயில் தொடங்கினார். வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பதுதான் செய்கிறார்கள், ஆயிரம் செய் என்று சொல்ல மேலே ஆள் இல்லை. விலையைக் கேட்டால் நமக்கும் மேலே ஆள் வேண்டும் என்று தோன்றும், அது வேறு விஷயம்.

என் விருப்பத்தைக் கேட்டால், கம்பெனித் தலைவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது மரக் கிடங்கில் நடக்கிறாரா என்று பார்ப்பேன். அவர் முதலாளியா, மருமகனா, சம்பளக்காரரா என்பது எனக்கு அப்புறம்தான்.

கடைசியாக, முதல் கேள்வி கேட்ட ஆசிரியைக்கு: கதை சொல்லும் சுவாரசியத்தில், வாங்கலாமா என்பதற்குப் பதில் விட்டுப்போச்சு. வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. டெஃப்லான் இன்னும் உள்ளே இருக்கிறதா, அல்லது யாராவது ஏற்கெனவே ஆக்‌ஷன் பாகங்களை மாற்றிவிட்டார்களா என்று ஒரு டெக்னீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்றாமல் இருந்தால், வாசிக்கும்போது ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்தி 'டிக்' கேட்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் கேட்டால் அந்த மூட்டுகளை மட்டும் சரிசெய்துகொள்ளலாம், ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்காத அறையில் வைத்தால் அது பல வருடம் ஓடும். பரவலாகக் கேட்டால் முழு செட்டையும் மாற்றும் செலவை விசாரித்து அதை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் "சிபிஎஸ் காலத்துப் பியானோ என்பதால்தான் இந்த விலைக்குத் தருகிறேன்" என்றால் மட்டும் திருத்தாதீர்கள், விலை ஏறிவிடும்.